பல்கலைக்கழகத்துக்கு ஒரே கோப்புக் கிடங்கு: ஆண்ட்ரூ முதல் கிளவுட் வரை ஒரு நிகழ்வு ஆய்வு

எந்தப் பல்கலைக்கழகத்தின் ஐடி துறையிடம் கேட்டாலும் ஒரே கோரிக்கை அடிக்கடி வரும். "எல்லோருக்கும் ஒரு பொது இடம் வேண்டும். எங்கிருந்து லாகின் செய்தாலும் என் கோப்புகள் தெரிய வேண்டும். தொலையக் கூடாது." கேட்பவர் மாணவராக இருக்கலாம், பேராசிரியராக இருக்கலாம், தேர்வுப் பிரிவின் எழுத்தராகவும் இருக்கலாம். கேட்கும்போது எளிமையாகத்தான் தெரியும். நான்கு சர்வர், நிறைய டிஸ்க், ஒரு லாகின் பக்கம், முடிந்தது வேலை என்று தோன்றும்.

நடைமுறையில் இந்தச் சேவைகள் பெரும்பாலும் இடம் போதாமல் தடுமாறுவதில்லை. ஒரு கோப்பு யாருக்குச் சொந்தம், அந்த ஆள் போன பிறகு அது யாருக்குப் போகும் என்பதை முதலிலேயே தீர்மானிக்காததால்தான் தடுமாறுகின்றன. இந்த ஆய்வில் பிரதானமாக எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கோப்பு முறைமை. நாற்பது ஆண்டு பழைய கதைதான். ஆனால் அங்கே எடுக்கப்பட்ட சில முடிவுகளைப் பின்னால் வந்தவர்கள் மறந்துவிட்டு, பெரிய விலை கொடுத்து மறுபடியும் கற்றுக்கொண்டார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

பின்னணி

1982ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. வளாகத்தில் எல்லோருக்கும் சொந்தமாக ஒரு கணினி, எல்லாவற்றையும் இணைக்கும் ஒரு வலையமைப்பு, அதன் மேல் எல்லோருக்கும் பொதுவான கோப்பு இடம் என்பது திட்டம். ஆண்ட்ரூ கார்னெகி, ஆண்ட்ரூ மெலன் என்ற இரு புரவலர்களுக்கும் முதற்பெயர் ஒன்றே என்பதால் திட்டத்துக்கும் ஆண்ட்ரூ என்றே பெயர் வைத்தார்கள். கோப்பு முறைமையை வடிவமைத்த குழுவில் முக்கியமானவர் மகாதேவ் சத்தியநாராயணன்.

அன்றைக்கு வழக்கம் வேறு. ஒரு பெரிய கணினி நடுவில் இருக்கும். எல்லோரும் டெர்மினல் வழியாக அதில் நுழைவார்கள். கோப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்வியே எழாது, இருப்பதே ஒரே இடம். ஆளுக்கொரு கணினி வந்ததும் அந்த நிம்மதி போய்விடும். நூலகத்தில் உட்கார்ந்து எழுதிய கட்டுரை விடுதி அறைக் கணினியில் இருக்காது. தனிக் கணினியின் சுதந்திரமும் வேண்டும், பொதுக் கணினியின் வசதியும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கப் போனதில் பிறந்ததுதான் ஆண்ட்ரூ.

குறி பெரியது. 5,000 கணினிகளுக்கு மேல் போனாலும் தாங்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். வடிவமைப்பில் பல விஷயங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கு இந்த ஒரு எண்ணே பதில்.

முதல் வடிவம் சொன்ன பாடம்

அடிப்படை யோசனை இதுதான். ஒரு கோப்பைத் திறந்தால் அது முழுசாக சர்வரிலிருந்து உங்கள் கணினியின் டிஸ்குக்கு வந்துவிடும். அதன்பின் படிப்பதும் எழுதுவதும் உள்ளூரிலேயே நடக்கும். மூடும்போது, மாறியிருந்தால் மட்டும் திரும்ப சர்வருக்குப் போகும். இந்த உள்ளூர் நகலைக் கவனித்துக்கொள்ளும் நிரலுக்கு வீனஸ் என்று பெயர்.

முதல் வடிவத்தை உச்சத்தில் சுமார் 400 பேர் பயன்படுத்தினார்கள். 100 கணினிகள், ஆறு சர்வர்கள். ஒவ்வொரு சர்வரிலும் 400 மெகாபைட் டிஸ்க் இரண்டு அல்லது மூன்று. இன்றைக்கு ஒரு கைபேசிக்குள் அடங்கிவிடும் இடத்தில் ஒரு வளாகத்தின் வேலை நடந்தது.

நடந்தது, ஆனால் மெதுவாக. ஏன் என்று அளந்து பார்த்தபோது கிடைத்த விவரம் சுவையானது. சர்வருக்கு வந்த அழைப்புகளில் 61.7 சதவீதம், "என்னிடம் உள்ள நகல் இன்னும் செல்லுமா?" என்று கேட்கும் அழைப்புகள். 26.8 சதவீதம் கோப்பின் அளவு, தேதி போன்ற விவரம் கேட்பவை. கோப்பை உண்மையிலேயே எடுத்துக் கொடுத்த அழைப்புகள் 4 சதவீதம், திரும்ப வாங்கி வைத்தவை 2.1 சதவீதம். அதாவது சர்வருக்கு வந்த அழைப்புகளில் பெரும்பங்கு கோப்பு கொடுப்பதில் போகவில்லை, "ஒன்றும் மாறவில்லை, போய் வா" என்பது போன்ற பதில் சொல்வதில் போனது.

தீர்வாகப் பொறுப்பை மறுபக்கம் திருப்பினார்கள். கோப்பைக் கொடுக்கும்போதே சர்வர், "இது மாறினால் நானே சொல்கிறேன், அதுவரை கேட்காதே" என்று ஒரு வாக்குக் கொடுத்துவிடும். இதற்குக் கால்பேக் என்று பெயர். யார் யாருக்கு வாக்குக் கொடுத்தோம் என்பதை சர்வர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது கூடுதல் சுமைதான். ஆனாலும் மொத்தச் சுமை வெகுவாக இறங்கியது. 1988ல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, திருத்திய வடிவம் சுமார் 400 கணினிகளையும் 16 சர்வர்களையும் தாங்கிக்கொண்டிருந்தது.

இந்தப் பாடம் பழையது என்று தள்ளிவிட முடியாது. இன்று பல பல்கலைக்கழகங்கள், கணினியிலும் சர்வரிலும் கோப்புகளை ஒன்றுபோல வைத்திருக்கும் ஓன்கிளவுட் வகை மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவி நடத்துகின்றன. அதன் டெஸ்க்டாப் செயலி, வழக்கமான அமைப்பில் 30 விநாடிக்கு ஒருமுறை "ஏதாவது மாறியதா?" என்று சர்வரிடம் கேட்கும். மடிக்கணினி திறந்திருக்கும் 10,000 பேரை வைத்துக் கணக்குப் போட்டால், யாரும் ஒரு கோப்பையும் தொடாத நேரத்திலும் விநாடிக்கு 333 கேள்விகள். மேல் ஃபோல்டரின் அடையாளக் குறியை மட்டும் பார்த்துப் பதில் சொல்லும்படி வடிவமைத்திருப்பதால் ஒவ்வொரு கேள்வியும் மலிவுதான். இருந்தாலும் டிஸ்க் எத்தனை டெராபைட் என்று மட்டும் கணக்குப் போட்டு சர்வர் வாங்கியவர்கள் டேட்டாபேஸில் மூச்சுத் திணறுவது இதனால்தான். சேமிப்புச் சேவைக்கு அளவு பார்க்கும்போது எத்தனை பேர் எவ்வளவு வைக்கிறார்கள் என்பதை விட, எத்தனை பேர் ஒரே நேரத்தில் இணைந்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

வால்யூம்: இந்த ஆய்வின் மையம்

முதல் வடிவத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரு சர்வரில் இடம் நிறைந்துவிட்டால், ஒருவருடைய கோப்புறையை வேறு சர்வருக்கு மாற்றுவது பெரும்பாடு. எது எங்கே இருக்கிறது என்ற தகவல் கோப்பு மரத்துக்குள்ளேயே பதிந்து கிடந்தது. யாருக்கு எவ்வளவு என்று கட்டுப்படுத்த கோட்டா வசதியும் இல்லை.

இதற்கு அவர்கள் கொண்டுவந்த தீர்வு வால்யூம். சில கோப்புகளையும் ஃபோல்டர்களையும் கொண்ட ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம். மூட்டைக்குச் சொந்தப் பெயர் உண்டு, அதன் மேல் கோட்டா உண்டு. எந்த சர்வரின் எந்த டிஸ்கில் கிடக்கிறது என்பது தனிப் பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலின் நகல் எல்லா சர்வர்களிலும் இருக்கும். பொதுக் கோப்பு மரத்தில் ஓர் இடத்தில் வால்யூமைப் பொருத்திவிட்டால் பயனருக்கு அது சாதாரண ஃபோல்டராகவே தெரியும். பின்னால் அதை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலும் பாதை மாறாது. ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாற்றலாம். பெரும்பாலும் அவருக்குத் தெரியவே தெரியாது.

சர்வர் நிர்வாகிக்கு இது வரப்பிரசாதம். ஆனால் அதைவிடப் பெரிய பலன் ஒன்று சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது. கோட்டா வால்யூமின் மேல் இருக்கிறது, ஆளின் மேல் இல்லை. ஒரு மாணவருக்கு ஒரு வால்யூம் கொடுக்கலாம். ஒரு பாடத்துக்கு ஒன்று, ஓர் ஆய்வுக் குழுவுக்கு ஒன்று, ஒரு மாணவர் மன்றத்துக்கு ஒன்று என்றும் கொடுக்கலாம். பாடத்தை இந்த ஆண்டு ஒருவர் நடத்துவார், அடுத்த ஆண்டு வேறொருவர். வால்யூம் பாடத்தின் பெயரிலேயே இருக்கும். உள்ளே நுழையும் உரிமைப் பட்டியலில் ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொன்றைச் சேர்த்தால் போதும்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1983ல் தொடங்கிய அத்தீனா திட்டமும் இதே முடிவுக்கு வேறு வழியில் வந்தது. அங்கே இதை லாக்கர் என்றார்கள். மாணவருக்கு ஒரு லாக்கர், பாடத்துக்கு ஒரு லாக்கர், மென்பொருள் தொகுப்புக்கு ஒரு லாக்கர். எந்த லாக்கர் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஹெசியாட் என்ற பெயர்ச்சேவை இருந்தது. பிற்பாடு அங்கும் ஆண்ட்ரூ கோப்பு முறைமையே வந்தது. அத்தீனாவில் பிறந்த கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை ஆண்ட்ரூவுக்குள் போனது. கொடுக்கல் வாங்கல் சரியாகப் போயிற்று.

தவறி அழித்த கோப்பு

பேக்கப் விஷயத்தில் ஆண்ட்ரூ குழு கவனித்த ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். கோப்பை மீட்டுத் தரும்படி வரும் கோரிக்கைகளில் பெரும்பங்கு டிஸ்க் பழுதால் வருவதில்லை. ஆள் தானே தவறி அழித்துவிட்டு, சற்று நேரத்தில் தலையில் கைவைத்துக்கொண்டு வருவதுதான் அதிகம். அதற்கு ஒவ்வொரு முறையும் டேப்பைத் தேடி எடுத்து மாட்டிக் கோப்பைக் கொடுப்பது இரு தரப்புக்கும் தண்டனை.

பேக்கப் எடுப்பதற்காக வால்யூமின் உறைந்த நகல் ஒன்றை எப்படியும் எடுப்பார்கள். மாறிய பகுதிகளுக்கு மட்டுமே புதிய இடம் பிடிக்கும் வகையிலான நகல் என்பதால் செலவு குறைவு. அந்த நகலைப் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே, படிக்க மட்டும் முடியும் ஒரு துணை ஃபோல்டராகத் தொங்கவிட்டார்கள். நேற்றைய நிலை அப்படியே அங்கே இருக்கும். அழித்துவிட்டாயா? உள்ளே போ, எடுத்துக்கொள். யாருக்கும் போன் செய்ய வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம்.

இவ்வளவு சின்ன வேலை உதவி மையத்தின் சுமையில் இவ்வளவு பெரிய பங்கைக் குறைத்த உதாரணத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இன்றைய கிளவுட் டிரைவ்களின் குப்பைத்தொட்டியும் பழைய பதிப்புகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் பலருக்கு அவை இருப்பதே தெரியாது. ஃபோல்டராகக் கண்ணெதிரே கிடந்தால் தெரிந்துகொள்ள எதுவுமில்லை.

யார் எதைப் பார்க்கலாம்

உரிமைகளை ஆண்ட்ரூ ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக வைக்கவில்லை. ஃபோல்டருக்கு மட்டுமே வைத்தது. பட்டியலைப் பார்ப்பது, படிப்பது, புதிதாகச் சேர்ப்பது, அழிப்பது, எழுதுவது, பூட்டுவது, உரிமைகளை நிர்வகிப்பது என்று ஏழு. இதில் சேர்ப்பதும் படிப்பதும் தனித்தனி உரிமை என்பதைக் கவனியுங்கள். ஒரு ஃபோல்டரில் மாணவர்களுக்குச் சேர்க்கும் உரிமையை மட்டும் கொடுத்துப் படிக்கும் உரிமையைக் கொடுக்காமல் விட்டால், அது வீட்டுப்பாடம் போடும் பெட்டி ஆகிவிடும். தன் பதிலைப் போடலாம், அடுத்தவர் பதிலைத் திறந்து பார்க்க முடியாது. தனி மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை.

குறையும் இருந்தது. இருவர் ஒரே கோப்பைத் திறந்து எழுதினால், கடைசியாக மூடியவர் எழுதியதே நிற்கும். முதலாமவர் எழுதியது போயிற்று. ஒரே கோப்பை ஒரே நேரத்தில் பலர் எழுதுவது அபூர்வம் என்று நம்பி எடுத்த முடிவு அது, அன்றைக்குச் சரியும்கூட. இன்றைய ஒத்திசைவுச் செயலிகள் இந்த இடத்தில் இரண்டு நகலையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் பெயரில் "முரண்பட்ட நகல்" என்று ஒட்டிவிடுகின்றன. ஒரு துறையின் பொது ஃபோல்டரில் அப்படி ஏழெட்டு நகல்கள் சேர்ந்துவிட்டால் எது உண்மை என்று எழுதியவருக்கே தெரியாது. தொலைப்பதை விட இது மேல், அவ்வளவே சொல்லலாம்.

ஏன் கைவிட்டார்கள்

1989ல் டிரான்சார்க் என்ற நிறுவனம் ஆண்ட்ரூவை வணிகமாக்கியது. ஐபிஎம் அதை வாங்கிக்கொண்டு, 2000ல் மூல நிரலைத் திறந்துவிட்டது, அதிலிருந்து ஓப்பன்ஏஎஃப்எஸ் என்ற திறந்த வடிவம் பிறந்தது. பல பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் இதில் ஓடின.

ஆனால் பயனரின் வாழ்க்கை மாறிவிட்டது. ஆண்ட்ரூவைப் பயன்படுத்தக் கணினியில் தனி நிரல் நிறுவ வேண்டும், அடையாளச் சீட்டு எடுக்க வேண்டும். வளாகக் கணினியில் ஐடி துறை நிறுவித் தந்துவிடும். மாணவர் சொந்த மடிக்கணினியோடும் பிறகு கைபேசியோடும் வந்தபோது அது நடக்கவில்லை. உலாவியைத் திறந்தால் வேலை நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். 1999ல் வந்த வெப்டேவ் தரம் கோப்புகளை வலை நெறிமுறை வழியாகவே கையாள வழி செய்தது. அதன் மேல் கட்டிய சேவைகளைப் பல பல்கலைக்கழகங்கள் வாங்கிப் போட்டன. அப்புறம் டிராப்பாக்ஸ் என்ற கிளவுட் சேமிப்புச் சேவை வந்தது. ஐடி துறை யோசித்து முடிப்பதற்குள் பேராசிரியர்கள் தேர்வு மதிப்பெண் பட்டியலைத் தங்கள் சொந்தக் கணக்கில் போட ஆரம்பித்திருந்தார்கள்.

அளவில்லா இடம்

2014 செப்டம்பரில் கூகுள் தன் கல்விச் சேவையில் அளவில்லாச் சேமிப்பை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. ஒரு கோப்பு 5 டெராபைட் வரை இருக்கலாம். எந்த நிதி அலுவலர் இதை மறுப்பார்? சொந்த சர்வர்களுக்கு வருடாவருடம் செலவு, பேக்கப்புக்குத் தனி ஆள். இந்தப் பக்கம் இலவசம், அளவும் இல்லை. பல பல்கலைக்கழகங்கள் மொத்தமாக மாறின. தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் எடுத்தது நியாயமான முடிவுதான்.

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்கப்படாமல் போயின. ஒன்று, கோட்டா காணாமல் போனது. கோட்டாவை யாருக்கும் பிடிக்காது. ஆனால் இடம் நிறைந்துவிட்டது என்ற அறிவிப்புதான் ஒருவரை உட்கார்ந்து எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்க்க வைக்கும். அது நின்றதும் பழைய கணினிகளின் முழு டிஸ்க் நகல்கள், ஒரே வீடியோவின் ஐந்து பிரதிகள், படித்து முடித்துப் போனவர்களின் புகைப்படங்கள் எல்லாம் ஏறின.

இரண்டாவது விஷயம் இன்னும் ஆழமானது. கூகுள் டிரைவில் கோப்பு ஒரு தனி ஆளின் கணக்கோடு கட்டப்பட்டது. நீங்கள் உருவாக்கினால் நீங்கள்தான் உரிமையாளர். ஃபோல்டரைப் பத்துப் பேருக்குப் பகிரலாம். அவர்கள் அதில் போடும் கோப்புகள் அவரவர் பெயரிலேயே இருக்கும். பார்ப்பதற்குத் துறையின் ஃபோல்டர், உள்ளுக்குள் பத்துப் பேரின் தனிச்சொத்து. அவர்களில் ஒருவர் பணியிலிருந்து விலகி, கணக்கு நீக்கப்படும்போது உரிமையை யாருக்காவது மாற்றிவிடாவிட்டால் அவர் உருவாக்கியவை போய்விடும். வால்யூமை வைத்து 1980களில் தீர்த்த பிரச்சினை முன்வாசல் வழியாகத் திரும்பி வந்தது. குழுவுக்கே கோப்பு சொந்தமாகும் பகிர்ந்த டிரைவ் வசதி 2017ல்தான் வந்தது; அதற்குள் மூன்று ஆண்டுக் கோப்புகள் தனிக் கணக்குகளில் குவிந்துவிட்டன.

2021 பிப்ரவரியில் கூகுள் அறிவிப்பை மாற்றியது. ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு 2022 ஜூலையிலிருந்து. மைக்ரோசாஃப்ட் 2023ல் இதேபோல் 100 டெராபைட் பொது அளவை அறிவித்து 2024 ஆகஸ்டிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 100 டெராபைட் கேட்கப் பெரிதாக இருக்கும். 40,000 பேர் உள்ள வளாகத்தில் வகுத்தால் ஆளுக்கு 2.5 கிகாபைட்தான். ஆய்வுக்கூட நுண்ணோக்கி ஒன்று ஒரு மதியத்தில் அதைத் தாண்டிவிடும்.

ஆக, கோட்டா திரும்பி வந்தது. ஆனால் இந்த முறை அதைப் பல்கலைக்கழகம் தீர்மானிக்கவில்லை. யாருடையது என்றே தெரியாத கோப்புகளை யாரிடம் கேட்டு அழிப்பது? பல வளாகங்களில் 2022 முழுக்க இதே வேலையாகப் போனது. நிறுவனத்தைக் குறை சொல்வதில் எனக்கு ஆர்வமில்லை. இலவசமாகக் கொடுப்பவர் நிறுத்தத்தான் செய்வார். விதிகள் மாறினால் என்ன செய்வது என்று சேரும்போதே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால் பாதி அவதி குறைந்திருக்கும்.

சேர்ந்து நடத்துவது

எல்லோரும் இந்த வழியில் போகவில்லை. ஜெர்மனியின் நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2015ல் சீபோ என்ற சேவையைத் தொடங்கின. மியூன்ஸ்டர் பல்கலைக்கழகம் நடத்துகிறது; சர்வர்கள் மியூன்ஸ்டர், பான், டூயிஸ்பர்க்-எஸன் என்று மூன்று பல்கலைக்கழகங்களில். ஆளுக்கு 30 கிகாபைட். தரவு நாட்டுக்குள்ளேயே, சொந்தக் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய முக்கிய எண்ணம். அமெரிக்க உளவுத்துறையின் இணையக் கண்காணிப்பு பற்றி 2013ல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பிறகு ஐரோப்பாவில் அந்த எண்ணம் வலுத்திருந்தது.

30 கிகாபைட் என்ற எண்ணை அன்றைக்கு அளவில்லா இடத்தோடு ஒப்பிட்டுச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். எனக்கு அது நேர்மையான எண்ணாகப் படுகிறது. தாங்கக்கூடியதைச் சொல்லி, சொன்னதைக் கொடுப்பது. அதோடு, ஆய்வுத் திட்டங்களுக்கு ஆளிலிருந்து தனியான ப்ராஜெக்ட் பாக்ஸ் கொடுத்தார்கள். வால்யூமின் கொள்ளுப்பேரன் என்றே அதைச் சொல்லலாம்.

ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு

இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஒத்திசைவு என்பது நீங்கள் செய்வதை எல்லா இடத்திலும் செய்வது. அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரல்) கோப்பைப் பூட்டினால் பூட்டிய கோப்பு கடமை தவறாமல் சர்வருக்கும் போய்ச் சேரும்.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2019 டிசம்பர் 23 அன்று ரான்சம்வேர் தாக்கி 267 சர்வர்களைப் பூட்டியது. நுழைந்த வழி அக்டோபரில் வந்த ஒரு போலி மின்னஞ்சல்; இரண்டு மாதம் உள்ளேயே இருந்து வேவு பார்த்திருக்கிறார்கள். பேக்கப்புகளில் சிலவும் வலையமைப்பில் எட்டும் தூரத்தில் இருந்ததால் அவையும் பூட்டப்பட்டன. பல்கலைக்கழகம் 30 பிட்காயின் கட்டித்தான் வெளியே வந்தது. பிறகு நடந்ததை முழு அறிக்கையாக வெளியிட்டார்கள். அந்தத் துணிச்சல் பாராட்டத்தக்கது.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் நடந்ததில் எதிரி என்று யாருமே இல்லை. சூப்பர் கம்ப்யூட்டரின் கோப்பு முறைமையில் பேக்கப் நிரல் ஒன்று, பத்து நாளுக்கு மேல் பழைய பதிவுக் கோப்புகளை நீக்க வேண்டும். கட்டளைகளை வரிசையாக எழுதிய அந்த ஷெல் ஸ்கிரிப்டை மேம்படுத்திப் புதிய வடிவத்தைப் பழையதன் மேலேயே எழுதினார்கள், பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே. அதை ஓட்டும் பாஷ் என்ற நிரல் ஸ்கிரிப்டை முழுசாகப் படித்துவிட்டு ஓட்டுவதில்லை; ஓட ஓடத்தான் படிக்கும். பாதியில் புதிய வடிவத்துக்குள் கால் வைத்தது; எந்த ஃபோல்டர் என்று சொல்லும் மாறிக்கு அங்கே மதிப்பே இல்லை. விளைவு, பதிவுக் கோப்புகளுக்குப் பதில் ஆய்வாளர்களின் கோப்புகள் நீங்கின. சுமார் 77 டெராபைட், 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்கள். அதில் நான்கு குழுக்களுடையதை மீட்கவே முடியவில்லை. பேக்கப் எடுக்க வந்த நிரலே அழித்தது என்பதுதான் இதில் கொடுமை.

இது வளாகப் பொதுச் சேமிப்பு அல்ல, கணக்கீட்டுச் சேமிப்பு. ஆனாலும் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே: முதன்மைச் சேமிப்பை நிர்வகிக்கும் அதே கையும் அதே கடவுச்சொல்லும் எட்டாத இடத்தில் ஒரு நகல் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு ஃபோல்டரை உண்மையிலேயே மீட்டுப் பார்க்க வேண்டும்.

நம் எழுத்தில் பெயர் வைத்தால்

ஒரு சின்ன விலகல். தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை இது. ஆங்கிலக் கையேடுகளில் கிடைக்காது. "தொகுப்பு" என்று பெயர் வைக்கிறீர்கள். ஒருங்குறியில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; கொம்பும் காலும் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய மேக் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும்; விண்டோஸும் லினக்ஸும் தட்டச்சு செய்தபடியே வைத்துக்கொள்ளும். ஒத்திசைவுச் செயலி இதைக் கவனித்துச் சரிசெய்யாவிட்டால், ஒரே பெயரில் இரண்டு "தொகுப்பு" பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்றைத் திருத்தினால் மற்றது மாறாது. ஓகாரம், ஔகாரம் வரும் பெயர்களுக்கும் இதே கதி.

நீளத்திலும் சிக்கல் உண்டு. லினக்ஸ் சர்வர்களில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட் வரைதான். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. ஆக 85 குறியீடுகள். "து" போன்ற ஓர் எழுத்தே இரண்டு குறியீடு. ஆய்வேட்டின் தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வரம்பு சீக்கிரமே வந்துவிடும். சேவையைத் திறப்பதற்கு முன் இத்தகைய பெயர்களில் நூறு கோப்புகளை உருவாக்கி, மூன்று வகைக் கணினியிலும் ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

இன்று தொடங்குபவர் செய்ய வேண்டியது

மென்பொருள் எது என்பதில் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். சொந்த சர்வரோ வாடகைக் கிளவுடோ, இரண்டிலும் நன்றாக நடத்தலாம், இரண்டிலும் கெடுக்கலாம். முதலில் முடிவு செய்ய வேண்டியது இடத்தின் வகைகள். ஆளுக்கு ஒரு சிறிய இடம். அவர் போகும்போது அவரோடு முடிவது. குழுவுக்கோ துறைக்கோ பாடத்துக்கோ ஓர் இடம். அதற்கு இரண்டு பொறுப்பாளர்கள், ஒருவர் போனால் மற்றவர் இருப்பார். அலுவலகக் கோப்பைத் தனி இடத்தில் வைப்பதை விதி போட்டுத் தடுப்பது கடினம். குழு இடம் கேட்டால் அன்றைக்கே கிடைக்கும் என்ற நிலை இருந்தால் யாரும் தனி இடத்தைத் தேட மாட்டார்கள். குழு இடத்துக்கு மூன்று கையெழுத்தும் ஒரு குழுக் கூட்டமும் வேண்டும் என்றால் எல்லோரும் சொந்தக் கணக்கில்தான் போடுவார்கள். அதில் அவர்கள் தவறு எதுவுமில்லை.

அடுத்தது வெளியேறும் நாள். படிப்பு முடிந்தவருக்கு எத்தனை மாதம் அவகாசம், எத்தனை முறை அறிவிப்பு, பல்கலைக்கழக மின்னஞ்சல் முடங்கிய பிறகு அந்த அறிவிப்பு எந்த முகவரிக்குப் போகும் என்பது வரை எழுதி வைக்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலான திட்டங்கள் வழுக்குகின்றன. பணியாளர் திடீரென இறந்துவிட்டாலோ இடைநீக்கம் ஆனாலோ, அவருடைய தனி இடத்தை யார், யாருடைய அனுமதியோடு திறக்கலாம் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். அப்படி ஒரு நாள் வந்த பிறகு விதி எழுத உட்கார்ந்தால், அது அந்த ஒரு ஆளுக்காக எழுதிய விதியாகவே பார்க்கப்படும்.

கடைசியாக, சேவையே மாறும் நாள். ஆஸ்திரேலியாவில் கல்வி நிறுவனங்களுக்கென்றே நடந்த கிளவுட்ஸ்டோர் 2023 இறுதியில் மூடப்பட்டது. ஆக, நம்மவர்களே நடத்தும் சேவைக்கும் ஆயுள் உத்தரவாதம் இல்லை. ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கோப்பின் உள்ளடக்கம் வந்துவிடும். பழைய பதிப்புகள் பெரும்பாலும் வராது. ஓரத்தில் எழுதிய கருத்துகள் வராது. யாருக்குப் பகிர்ந்தோம் என்ற பட்டியல் அரைகுறையாக வரும். பகிர்வு லிங்குகள் எல்லாம் செத்துவிடும். ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளிலும் பாடத்திட்ட ஆவணங்களிலும் ஒட்டிய லிங்குகளும் சேர்த்துத்தான். இதற்கு ஒரு பகுதித் தீர்வு உண்டு. வெளியே கொடுக்கும் லிங்குகளைப் பல்கலைக்கழகத்தின் சொந்த டொமைன் பெயரில் கொடுத்து, அங்கிருந்து உண்மையான இடத்துக்குத் திருப்பிவிடலாம். பின்னால் இடம் மாறினால் திருப்பும் பட்டியலை மட்டும் மாற்றினால் போதும். பெயர் வேறு, இருப்பிடம் வேறு என்று பிரித்து வைப்பதற்கு ஆண்ட்ரூ வால்யூம்களுக்கென வைத்திருந்த அதே பட்டியல்தான் இது, ஓர் அடுக்கு மேலே.